கன்சர்வேட்டிவ் கிணற்றில் இனித் தண்ணீர் ஊறுமா?

அக்கா மகன் ஒருத்தன் லண்டனுக்குத் தெற்கே சர்ரே பக்கம் குடியிருக்கிறான். சாஃப்ட்வேர் வேலை, இரண்டு குழந்தைகள், கடனில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவுகிற நேரத்துக்குச் சரியாகக் கூப்பிடுவான். போன வாரம் மழை, பள்ளிக்கூடம், அக்காவின் முட்டிவலி எல்லாம் பேசி முடித்துவிட்டு, "மாமா, இந்த கன்சர்வேட்டிவ் கட்சி இனித் தேறுமுங்களா? அதுக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிருமா?" என்று கேட்டான்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவனுக்கு அங்கே ஏது ஓட்டு என்று கேட்பீர்கள். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான அனுமதியோடு அங்கே வசித்தால் பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். இவன் 2019-ல் கன்சர்வேட்டிவுக்குப் போட்டான், வரி கூடாது என்ற நம்பிக்கையில். 2024-ல் யாருக்கும் போடவில்லை, வீட்டிலேயே இருந்துகொண்டான். அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்ட்டுக்குள் வந்தாக வேண்டும், அதற்குள் அந்தக் கட்சி எந்த வழியில் போகும், எந்த வழியில் போனால் பிழைக்கும் என்று என்னிடம் கேட்கிறான். எனக்கென்ன தெரியும் என்றால், திருப்பூரில் சின்னதாக ஒரு செக்கிங், அயர்னிங் யூனிட் வைத்திருக்கிறேன், ஜாப் ஒர்க்தான், ஆனால் என் கை வழியாகப் போகிற பெட்டிகளில் பாதி இங்கிலாந்துக்குப் போகிறது. அந்த நாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் இங்கே சனிக்கிழமைச் சம்பளத்துக்கு இருமல் வரும். அதனால் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். போனில் சொல்லி முடியாததால் இதை எழுதுகிறேன்.

முதலில் அடி எவ்வளவு பெரியது என்று பார்த்துவிடலாம். 2024 ஜூலை 4 தேர்தலில் 650 இடங்களில் கன்சர்வேட்டிவுக்குக் கிடைத்தது 121. அதற்கு முந்தைய தேர்தலில் 365. ஓட்டு 43.6 சதவீதத்திலிருந்து 23.7-க்கு இறங்கியது. 1906-ல் அடித்துத் துவைத்தபோதுகூட 150-க்கு மேல் தேறியது, 1997-ல் டோனி பிளேர் அலையிலும் 165 மிஞ்சியது, இவ்வளவு கீழே அந்தக் கட்சி போனதே இல்லை. ஜெயித்த லேபருக்கும் பெரிய அலை ஒன்றும் கிடையாது, 33.7 சதவீத ஓட்டுதான், ஆனால் 411 இடம். குடியேற்றத்தை எதிர்த்தே வளர்ந்த நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 சதவீதம், இடம் ஐந்தே ஐந்து. லிபரல் டெமாக்ரட்டுக்கு அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம், இடமோ 72. யார் அதிகம் வாங்குகிறாரோ அவரே ஜெயித்தவர் என்கிற நம்ம ஊர் முறைதான் அங்கேயும், ஆகவே எத்தனை ஓட்டு என்பதைவிட அது எங்கே குவிந்து கிடக்கிறது என்பதே விஷயம்.

சரி, ஏன் இப்படி ஆனது? கொரோனா ஊரடங்கு நேரத்தில் பிரதமர் வீட்டில் நடந்த பார்ட்டி, பொய், உட்கட்சிச் சண்டை, பதினான்கு வருஷ ஆட்சியின் சலிப்பு என்று காரணம் அடுக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால் முறிவு நடந்த நாளை காலண்டரில் வட்டம் போட்டே காட்டுவேன்: 2022 செப்டம்பர் 23. லிஸ் டிரஸ் பிரதமராகி மூன்று வாரம்கூட ஆகவில்லை, அவருடைய நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் ஒரு மினி பட்ஜெட் போட்டார். 45 பில்லியன் பவுண்டுக்கு வரிக் குறைப்பு, அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு ஒரு வரி பதிலில்லை. மூன்றாம் நாள் திங்கட்கிழமை பவுண்டு 1.03 டாலர் பக்கம் விழுந்தது, அதுவரை காணாத சரிவு. இரண்டு நாள் கழித்து மத்திய வங்கியே உள்ளே இறங்கி அரசுப் பத்திரங்களை வாங்க வேண்டி வந்தது. அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதம், இரண்டு வருஷ வீட்டுக்கடன் வட்டி 6 சதவீதத்தைத் தாண்டியது. டிரஸ் 49 நாளில் வீட்டுக்குப் போனார், 2024-ல் தன் சொந்தத் தொகுதியிலேயே 630 ஓட்டில் தோற்றார்.

அந்த அக்டோபரில் என் யூனிட் எப்படி இருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கிலாந்துக்குப் போக வேண்டிய குழந்தைகள் டி-சர்ட், பாலிதீன் கவர் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, பெட்டிக்கு 48 பீஸ் வீதம் சுவரோரமாக ஆள் உயரத்துக்கு அடுக்கியாகிவிட்டது. எடுத்துப்போக வண்டி வரவில்லை. எனக்கு வேலை கொடுத்த எக்ஸ்போர்ட்டரிடம் கேட்டால், பையர் விலையைக் குறைக்கச் சொல்கிறார், பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார். இரண்டு வாரம் அந்தப் பெட்டிகளைச் சுற்றித்தான் நடந்தோம். செக்கிங் அக்காமார்களுக்கு சனிக்கிழமைச் சம்பளத்தைக் கைமாற்று வாங்கிக் கொடுத்தேன். அதே மாதம் மாப்பிள்ளைக்கு அங்கே வீட்டுக்கடனின் பழைய வட்டிக் காலம் முடிந்து புது வட்டி எழுதினார்கள், மாதத் தவணை ஒரே தாவலில் எகிறியது. "கணக்குத் தெரிஞ்ச கட்சின்னுதானே மாமா போட்டேன்" என்று அன்றைக்குச் சொன்னான். அந்த ஒரு வாக்கியத்தில் மொத்தமும் இருக்கிறது. கன்சர்வேட்டிவை யாரும் பாசத்துக்காகத் தேர்ந்தெடுத்ததில்லை. கஞ்சப்பிசினாறி என்றாலும் பெட்டிச் சாவியை இவரிடம் கொடுக்கலாம் என்று பெரியப்பாவை நம்புகிற மாதிரியான நம்பிக்கை அது. பெரியப்பாவே சூதாடினால்?

எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, இதே மாதிரி ஒன்றை 1967-ல் பார்த்தவர். இரட்டைக் காளைக்கே ஓட்டுப் போட்டுப் பழகிய கை. அந்தத் தேர்தலில் கோபிச்செட்டிபாளையத்தில் சி. சுப்பிரமணியம் தோற்றார். பொள்ளாச்சிக்காரர், மத்திய உணவு அமைச்சராக இருந்து பசுமைப் புரட்சிக்கு விதை போட்டவர், படித்தவர், நேர்மையானவர், அப்படியும் சொந்தச் சீமையிலேயே தோற்றார். காரணம் மொழிப் போராட்டமும் அரிசியும். அரிசி கிடைக்கவில்லை, திமுக ரூபாய்க்கு மூன்று படி என்றது. வேடிக்கை என்னவென்றால் அந்தத் தேர்தலில் மாநில அளவில் காங்கிரஸ் வாங்கிய ஓட்டு சுமார் 41 சதவீதம், திமுக வாங்கியதற்குக் குறைவே இல்லை, ஆனால் எதிரே ஏழெட்டுக் கட்சி கூட்டணி நின்றதால் ஆட்சி போனது. போனது போனதுதான்.

இப்போது வழிகளுக்கு வருகிறேன். எங்கள் காட்டில் அப்பாரு வெட்டிய கிணறு ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் அது வற்றியபோது வீட்டில் நாலு யோசனை ஓடியது. பக்கத்துக் காட்டுக்காரரின் கிணற்றோடு சேர்ந்துகொண்டு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது ஒன்று. அவர் போட்டதைப் போலவே நாமும் நம் காட்டில் ஆழமாக போர் போடுவது இன்னொன்று. இருக்கிற கிணற்றையே தூர் வாரி, சைடு போர் அடித்துப் பார்ப்பது மூன்றாவது. மழை வரும், பேசாமல் இருங்கள் என்றது அப்பாருவின் யோசனை. கன்சர்வேட்டிவ் கட்சிக்குள் இப்போது நடக்கிற சண்டையும் அச்சு அசலாக இந்த நாலுக்கு நடுவேதான்.

ரிஃபார்மோடு சேர்வதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. கூட்டல் கணக்கு கண்ணைப் பறிக்கும்: 23.7-ஐயும் 14.3-ஐயும் கூட்டினால் 38, லேபரின் 33.7-ஐவிட அதிகம். இப்படிக் கூட்டியே ஜெயித்த கதை நம்மிடமே இருக்கிறது. எம்ஜிஆர் மறைந்த பிறகு அதிமுக இரண்டாக உடைந்து 1989 தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. சேவலுக்கு 27 இடம், ஜானகி அம்மாள் ஆண்டிப்பட்டியிலேயே தோற்றார், திமுக ஆட்சிக்கு வந்தது. தேர்தல் முடிந்த கையோடு இரண்டு அணியும் சேர்ந்தன, இரட்டை இலை திரும்பியது, சில வாரத்தில் மருங்காபுரி, மதுரை கிழக்கு இரண்டு இடைத்தேர்தலும் அவர்கள் கைக்கு வந்தன. 1991-ல் காங்கிரஸ் கூட்டணியும் ராஜீவ் கொலையின் அனுதாபமும் சேர்ந்து 164 இடம்.

ஆனால் இதே தமிழ்நாட்டில் கூட்டிப் பார்த்துத் தோற்ற கதையும் இருக்கிறதே. 1971-ல் காமராஜரின் பழைய காங்கிரசும் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் கைகோத்தன. இந்தியாவில் நிஜமான கன்சர்வேட்டிவ் கட்சி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் சுதந்திராக் கட்சிதான், 1959-ல் சென்னையில் ஆரம்பித்தது, 1967-ல் நாடாளுமன்றத்தில் 44 இடம் வாங்கியது. வாழ்நாள் முழுக்க எதிரும் புதிருமாக இருந்த இரண்டு பெரியவர்கள் ஒரே மேடையில் நின்றார்கள். விளைவு, திமுகவுக்கு 234-ல் 184, பழைய காங்கிரசுக்கு 15. அப்பாரு அந்த முறை சலித்துப்போய் ஓட்டுச்சாவடிக்கே போகவில்லை என்று அப்பா சொல்வார். காமராஜருக்குப் போட்ட கையால் ராஜாஜிக்குப் போட அவருக்கு மனசு வரவில்லை. குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து வந்தவர்களுக்கு அது எப்படி வரும்?

ஆக, கேட்க வேண்டிய கேள்வி இது: கன்சர்வேட்டிவும் ரிஃபார்மும் சேவலும் புறாவுமா, இல்லை காமராஜரும் ராஜாஜியுமா? 1989-ல் பிரிந்த ஓட்டு ஒரே வீட்டு ஓட்டு, இரண்டு பக்கமும் சுவரில் மாட்டியிருந்தது எம்ஜிஆர் படம்தான். பிரிட்டனில் அப்படி இல்லை. 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் ரிஃபார்ம் 677 இடங்களையும் பத்து கவுன்சில்களையும் பிடித்தது. அதில் கென்ட் கன்சர்வேட்டிவின் தெற்குக் கோட்டை, டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் பழைய லேபர் பூமி. டர்ஹாமில் ரிஃபார்முக்குப் போட்டவர் கன்சர்வேட்டிவுக்குப் போடுவாரா? பலர் அந்தப் பெயரைக் கேட்டாலே துப்புவார்கள். இந்தப் பக்கம் சர்ரேயில், ரயில் ஏறி லண்டன் ஆபீசுக்குப் போகிற, நாய் வளர்க்கிற, ஃபராஜ் குரலைக் கேட்டால் டிவியை அணைக்கிற ஆட்கள் இரண்டு கட்சியும் சேர்ந்தால் நேராக லிபரல் டெமாக்ரட் வீட்டுக்கு நடப்பார்கள். 38 என்பது காகிதத்தில் மட்டும்தான் 38.

இன்னொன்று, கூட்டுக் கிணறு என்றால் எங்கள் பக்கம் முதலில் கேட்பது, சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறது என்று. கரண்ட் கனெக்‌ஷன் யார் பெயரிலோ அவர் வைத்ததுதான் முறை, மற்றவர் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போக வேண்டியதுதான். கனடாவில் இதுதான் நடந்தது. 1988-ல் 169 இடத்தோடு ஆட்சியைத் தக்கவைத்த அந்த நாட்டு முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சி 1993-ல் இரண்டே இரண்டு இடத்துக்கு வந்தது. பிரெஸ்டன் மேனிங்கின் ரிஃபார்ம் (அங்கேயும் அதே பெயர்தான்!) 52 இடம் பிடித்தது. பத்து வருஷம் இரண்டும் மாறி மாறி ஓட்டைப் பிரித்து லிபரல்களை ஜெயிக்க வைத்துவிட்டு, 2003 டிசம்பரில் இணைந்தன, 2006-ல் ஆட்சிக்கும் வந்தன. இணைவுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். தலைவரானவர் ஸ்டீபன் ஹார்ப்பர், ரிஃபார்ம் கட்சியில் வளர்ந்தவர். பழைய கட்சியின் பெயரிலிருந்த 'முற்போக்கு' காணாமல் போனது. போர்டு மிஞ்சியது, சர்வீஸ் கைமாறியது. பிரிட்டனிலும் 2025-ல் பெரும்பாலான கருத்துக்கணிப்புகளில் முன்னால் நின்றது ரிஃபார்ம்தான், அப்படி இருக்கும்போது இணைவு என்றால் யார் யாரோடு இணைகிறார்கள்? ஃபராஜுக்கு அவசரமே இல்லை. கன்சர்வேட்டிவ் எம்.பி. டேனி க்ரூகர் 2025 செப்டம்பரில் ரிஃபார்முக்குப் போனார், 2026 ஜனவரியில் ராபர்ட் ஜென்ரிக் போனார். 2024-ல் கன்சர்வேட்டிவ் தலைவரான கெமி பேடனாக்கோடு அந்தப் பதவிக்குக் கடைசி வரை மோதியவர் அவர். ஆடுகள் தானாகவே பட்டி மாறும்போது பட்டியை எதற்கு விலைக்கு வாங்க வேண்டும்?

மாப்பிள்ளையின் சொந்த விஷயமும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவனிடம் இருப்பது நிரந்தரக் குடியிருப்பு அனுமதி. 2025 செப்டம்பரில் ஃபராஜ் அந்த அனுமதி முறையையே ஒழிக்கப்போவதாக அறிவித்தார், ஏற்கெனவே வாங்கியவர்கள்கூட ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விசாவுக்கு மனுப் போட வேண்டும் என்று. அவரோடு கன்சர்வேட்டிவ் சேர்ந்தால் இவன் ஏன் ஓட்டுப் போடப்போகிறான்? "கடனைக் கட்டிட்டே இருப்பேன், அவங்க பெட்டியக் கட்டச் சொல்லுவாங்களா மாமா" என்கிறான். இவனைப் போலக் கொஞ்சம் சம்பாதித்து, வரியைக் கண்டு பயந்து, பிள்ளைகளை நல்ல பள்ளியில் சேர்க்க அலைகிற இந்தியக் குடும்பங்கள் அந்தக் கட்சிக்கு இயல்பாகவே வந்துகொண்டிருந்த ஆட்கள்.

இரண்டாவது வழி ரிஃபார்மைப் போலவே பேசுவது. இதில் நேரம் செலவழிக்க எனக்கு மனமில்லை. திருப்பூர் காதர்பேட்டைக்கு வந்து பாருங்கள், எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பனியன் மலையாகக் கிடக்கும், காலர் உள்பக்கம் பிராண்ட் லேபிளைக் கத்தரியால் பாதி வெட்டியிருப்பார்கள். வாங்குகிறவனுக்கு அது என்ன பிராண்ட் என்பதும் தெரியும், ஏன் வெட்டப்பட்டது என்பதும் தெரியும், அதனால் நூறு ரூபாய்க்கு மேல் தரமாட்டான். குடியேற்றத்தைக் குறைப்போம் என்று 2010-லிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் சொல்லி வந்த கட்சி இது, சில பத்தாயிரங்களுக்குள் கொண்டுவருவோம் என்றார்கள். இவர்கள் ஆட்சியிலேயே 2023-ல் நிகரக் குடியேற்றம் ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. அனுமதியில்லாமல் வந்து தஞ்சம் கேட்பவர்களை ருவாண்டாவுக்கு அனுப்புவோம் என்ற திட்டத்தில் பணத்தைக் கொட்டினார்கள், கட்டாயமாக ஏற்றி அனுப்ப ஒரு விமானம்கூடக் கிளம்பவில்லை. இனி எவ்வளவு கத்தினாலும், அதே சரக்கைப் புது லேபிளோடு விற்கிற ஃபராஜிடம்தான் வாடிக்கையாளர் போவார். பேடனாக் 2025 அக்டோபரில் மான்செஸ்டர் மாநாட்டில் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்திலிருந்து விலகுவோம் என்று அறிவித்தார். அதற்குப் பிறகும் ஆட்கள் போய்க்கொண்டுதானே இருந்தார்கள்.

மூன்றாவது, தூர் வாருவது. அதாவது கடனை அடைக்கத் தெரிந்தவர்கள், வியாபாரம் புரிந்தவர்கள் என்ற பழைய பெயரை மீட்பது. இதற்கு முன்மாதிரியாக எல்லோரும் டேவிட் கேமரனைச் சொல்வார்கள். 1997 தோல்விக்குப் பிறகு ஹேக், டங்கன் ஸ்மித், ஹோவர்ட் என்று மூன்று தலைவர்கள் வலது பக்கமே முட்டிப் பார்த்து முடியாமல், 2005 டிசம்பரில் வந்த கேமரன் கட்சியின் முகத்தைக் கழுவி விட்டார், 2010-ல் 306 இடம். அதுவும் தனிப்பெரும்பான்மை இல்லை, லிபரல் டெமாக்ரட்டோடு கூட்டணி ஆட்சிதான், அதற்கே பதின்மூன்று வருஷம். கேமரனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது, அவருக்கு வலது பக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஆளில்லை, அந்த ஓட்டு வேறெங்கும் போகாது என்று தைரியமாக நடுவுக்கு வந்தார். இன்றைக்கு நடுவுக்கு ஓரடி வைத்தால் பின்னாலிருந்து இரண்டு ஓட்டு உருவப்படும். இந்த வழி எளிது என்று நான் சொல்லவில்லை.

இருந்தும் ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், போன ஓட்டு எந்த வாசல் வழியாகப் போனது என்று பார்த்தால் அது வீட்டுக் கணக்கு நோட்டு வழியாகத்தான் போனது. உள்ளாட்சியிலும் அப்படியே. சர்ரேயில் வோக்கிங் என்று ஒரு ஊர். கன்சர்வேட்டிவ் நிர்வாகத்தில் இருந்தபோது அந்த கவுன்சில் கடன் வாங்கி ஊர் நடுவே வானளாவக் கட்டிடங்களும் ஹோட்டலும் கட்டியது. 2023 ஜூனில் திவால் அறிவிப்பு வந்தது. வருஷத்துக்கு 16 மில்லியன் பவுண்டு வரவு உள்ள கவுன்சிலுக்கு 1.2 பில்லியன் பவுண்டு துண்டு! அடுத்த வருஷம் கவுன்சில் வரியைப் பத்து சதவீதம் அளவுக்கு ஏற்றினார்கள். இதை நம்ம ஊர் ஆட்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள், கந்துவட்டிக்கு வாங்கிக் கல்யாண மண்டபம் கட்டியவனின் கதையல்லவா இது. 2024-ல் அந்தத் தொகுதியை லிபரல் டெமாக்ரட் எடுத்துக்கொண்டதில் என்ன ஆச்சரியம்? ஓட்டுக்காரர் கொள்கை மாறவில்லை, கணக்குப் பிள்ளையை மாற்றினார், அவ்வளவுதான்.

பேடனாக்குக்கு இது புரியாமலில்லை. அதே மான்செஸ்டர் மாநாட்டில், மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு பவுண்டிலும் பாதி பற்றாக்குறையைக் குறைக்கத்தான் என்று ஒரு விதி போட்டார், சொந்தமாகக் குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு முத்திரை வரியை எடுப்போம் என்றும் சொன்னார். இந்த இரண்டில் முதலாவது எனக்குப் பிடித்தது, இரண்டாவதில் கொஞ்சம் டிரஸ் வாசனை அடிக்கிறது. ஆனாலும் இளவயது ஆட்களுக்கு வீடு என்ற விஷயத்தைத் தொட்டதே பெரிது. யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் ஒருவர் லேபரைவிட கன்சர்வேட்டிவுக்குப் போட வாய்ப்பு அதிகமாகிற வயது 39, 2024-ல் அது 63. அறுபத்து மூன்று வயதில் வாடிக்கையாளர் வருகிற கடையை எத்தனை நாள் நடத்த முடியும்?

வியாபாரப் பெயரை மீட்பதில் இவர்களே இவர்கள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதையும் சொல்ல வேண்டும். இந்தியாவோடு வர்த்தக ஒப்பந்தப் பேச்சைத் தொடங்கியது 2022 ஜனவரியில் கன்சர்வேட்டிவின் போரிஸ் ஜான்சன் அரசு. தீபாவளிக்குள் முடிப்போம் என்றார்கள், தீபாவளி போனது, பிரதமர்கள் போனார்கள். வர்த்தக அமைச்சராக அந்தப் பேச்சை நடத்தியவர் இதே பேடனாக். கையெழுத்தானது 2025 ஜூலை 24, லேபர் கட்சியின் ஸ்டார்மர் ஆட்சியில். நம்ம பனியனுக்கு அங்கே போடும் சுங்கவரியை எடுக்கிற ஒப்பந்தம், பங்களாதேஷ் சரக்கோடு திருப்பூர் சரிசமமாக நிற்க வழி. நாங்கள் ஆரம்பித்தது என்று பெருமையாகச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, தற்காலிகமாக வரும் இந்திய ஊழியர்களுக்குச் சமூகக் காப்பீட்டுக் கட்டண விலக்கா என்று சண்டைக்குப் போனார். ரிஃபார்ம் ஆட்களின் காதில் விழ வேண்டும் என்ற பதற்றம்தான். ஒரே நேரத்தில் இரண்டாவது வழியிலும் மூன்றாவது வழியிலும் நடந்தால் இப்படித்தான் கால் பின்னும்.

நாலாவது வழி, மழைக்குக் காத்திருப்பது. லேபர் சொதப்பினால் ஊசல் தானாகத் திரும்பும், இருநூறு வருஷக் கட்சிக்கு அழிவேது என்பார்கள். இதற்கு எங்கள் தமிழ்நாட்டுக் காங்கிரசைப் பார்த்தால் போதும். 1989-ல் மூப்பனார் தலைமையில் தனியாக நின்று சுமார் இருபது சதவீத ஓட்டு வாங்கினார்கள், ஊருக்கு ஊர் ஆள் இருந்தது, இடம் 26. அதற்குப் பிறகு தனியாக ஆட்சி என்ற பேச்சே எழவில்லை, தேர்தலுக்குத் தேர்தல் யார் எத்தனை சீட் தருவார்கள் என்பதே பேச்சு. எல்லா ஊரிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிற இருபது சதவீதம் ரொம்ப ஆபத்தான எண், செத்த மாதிரியும் தெரியாது, பிழைத்த மாதிரியும் தெரியாது. கன்சர்வேட்டிவின் 23.7 அதற்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. 1945-ல் தோற்ற சர்ச்சில் 1951-ல் திரும்பினாரே என்றால், அவர் வேண்டுமானால் சும்மா இருந்து புத்தகம் எழுதியிருக்கலாம், கட்சி சும்மா இருக்கவில்லை. டிபார்ட்மென்ட் ஸ்டோர் நடத்திப் பழகிய லார்டு வூல்டன் கட்சி அமைப்பைப் பார்த்துக்கொள்கிற சேர்மன் பொறுப்புக்கு வந்து தெருத் தெருவாக உறுப்பினர் சேர்த்தார், இருபது லட்சத்தைத் தாண்டியது. ஆர். ஏ. பட்லர் உட்கார்ந்து, லேபர் கொண்டுவந்த நலத்திட்டங்களைத் தொடமாட்டோம் என்று 1947-ல் எழுதிக் கொடுத்தார். 2024 தலைவர் தேர்தலில் இந்தக் கட்சியில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் சுமார் 1,31,000 பேர். நம்ம அவிநாசித் தொகுதி வாக்காளர் பட்டியல் இதைவிடப் பெரிது.

ஆக, என் கணிப்பைக் கேட்டால், தூர் வாருகிற வழியில் உறுதியாக நின்றால் 2029-ல் 121-ஐத் தாண்டலாம், தெற்கில் லிபரல் டெமாக்ரட்டிடம் விட்ட இடங்களில் கொஞ்சம் மீளலாம், யாருக்கும் பெரும்பான்மை வராத சபையில் விலை பேசுகிற இடத்துக்கு வரலாம். ஆட்சி? அந்தத் தேர்தலில் கிடையாது. ரிஃபார்மோடு சேர்ந்தால் ஒருவேளை சீக்கிரமே ஆட்சியில் உட்காரலாம், ஆனால் உட்காருவது இந்தக் கட்சியா என்பது எனக்குச் சந்தேகம். ஓட்டுப் பிரியாமல் தொகுதியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், இணைய வேண்டாம் என்றொரு நடுவாந்திர யோசனையும் சொல்கிறார்கள். அது தேர்தலுக்கு முந்தைய வாரம் வரை வேலை செய்யும், அப்புறம் மந்திரி பதவி பேச உட்காரும்போது மறுபடியும் சர்வீஸ் யார் பெயரில் என்ற இடத்துக்கே வரும்.

எங்கள் கிணறு என்ன ஆனது என்று கேட்பீர்கள். தூர் வாரினோம். மண் எடுக்கவே ஒரு மாதம், கீழே அப்பாரு காலத்துக் கமலையின் இரும்புச் சக்கரம் ஒன்று கிடைத்தது. கிழக்குப் பக்கம் சைடு போர் அடித்ததில் ஊற்று கிடைத்தது. மஞ்சள் வைக்கிற அளவுக்கு இல்லை. சோளத்தட்டுக்கும் நாலு மாட்டுக்கும் தென்னைக்கும் போதும், இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. பக்கத்துக் காட்டுக்காரரின் ஆயிரம் அடி போர் மூன்றாம் வருஷமே காற்றுதான் அடித்தது.

மாப்பிள்ளைக்கு நேற்று ராத்திரி இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். "அப்ப போடலாமுங்களா, வேண்டாமுங்களா?" என்றான். "கண்ணு, உன்ற தொகுதியில போன தடவை ஜெயிச்சது லிபரல் டெமாக்ரட், ரெண்டாவது வந்தது கன்சர்வேட்டிவ். அதனால ஓட்டு வீண் ஆகாது. ஆனா வாசலுக்கு வர்ற வேட்பாளர்கிட்ட ஒண்ணு கேளு, தேர்தல் முடிஞ்ச மறுநாள் ஃபராஜ் போன் பண்ணினா எடுப்பீங்களான்னு. எடுக்க மாட்டேன்னு எழுத்துல குடுத்தா யோசி" என்றேன்.

"எழுத்துல எல்லாம் குடுக்க மாட்டாங்க மாமா."

"அப்ப உனக்கு விடை கிடைச்சிருச்சு. போனை அக்காகிட்டக் குடு, முட்டிக்கு எண்ணெய் அனுப்பியிருக்கறேன்."